உடல் நிறையும் இளமைப் பருவமும்

உடம்பைப் பேணுதலே உயிரைப் பேணுதலாகும் என்பது திருமூலர் காட்டிய நெறி. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்து, அதிலே மருந்தொன்றின் பெயரையேனும் கூறாது, முன் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்ணுதலையே வற்புறுத்திச் சென்றார். உண்டியின் அளவுக்கும் உடம்பின் நலத்துக்கும் உள்ள தொடர்பு தமிழர்க்குப் புதியதொன்றன்று. எனினும், உண்டியின் அளவு ஒன்றே உடலின் அளவைத் தீர்மானிப்பதாயின், ஒரே வீட்டிலே ஒரே அடுப்பிற் சமைத்த உணவை உண்டு வளரும் உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் மெலிந்தும் மற்றவர் பருத்தும் இருப்பது யாங்ஙனம்? இவ்வினாவுக்கு அறிவியலார் கண்ட விடை ஒரு சொல்லில் அடங்குவதன்று. பரம்பரை, ஓமோன்கள், வாழ்க்கை முறை என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விடையே அது.

இவ்விடயத்தை ஆராய்தல் வெறும் அறிவு வேட்கையின் பாற்பட்டதன்று. பருத்த மாணவன் ஒருவன் வகுப்பிலும் விளையாட்டு மைதானத்திலும் நகைப்புக்கு ஆளாகின்றான். சோம்பலும் பெருந்தீனியுமே அவன் நிலைக்குக் காரணமென உலகம் தீர்ப்புக் கூறிவிடுகின்றது. அத்தீர்ப்புக்கு அஞ்சிப் பட்டினி கிடந்து உடலைக் கெடுத்துக்கொள்ளும் இளம் பெண்கள் பலர். மெலிந்தவனோ, தன் உடல் நலமாகவே உள்ளதென நம்பி, எதையும் எவ்வளவும் உண்கின்றான். வேறு சிலர், எல்லாம் பரம்பரையின் வழி வந்த விதி, முயன்றும் பயனில்லை என்று கைவிட்டுவிடுகின்றனர். இம்மூன்று முடிபுகளும் பிழையானவை என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

நிறையை அளத்தல்

ஒருவர் பருத்தவரா அன்றா என்பதைத் துணிதற்கு அவர் நிறையை மாத்திரம் அறிதல் போதாது. உயரத்தையும் அறிதல் வேண்டும். பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடோல்ப் கெட்லே என்பார் 1832 ஆம் ஆண்டில், வளர்ந்தோரின் நிறை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகின்றது எனக் கண்டார். கிலோகிராமில் அளந்த நிறையை, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தாற் பிரிக்க வருவதே இன்று உடற்றிணிவுச் சுட்டி எனப்படுவது. 1.7 மீற்றர் உயரமும் 65 கிலோகிராம் நிறையும் உடைய இளைஞன் ஒருவனின் சுட்டி 22.5 ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறைப்படி 25 ஐ எட்டியது மிகை நிறை. 30 ஐ எட்டியது உடற்பருமன்.

ஆயின் இவ்வளவுகோல் எல்லா மக்களுக்கும் ஒருபடித்தாய்ப் பொருந்துவதன்று. 2004 ஆம் ஆண்டில் மருத்துவ இதழ் ஒன்றில் இருவரின் படம் வெளியாயிற்று. ஒருவர் இந்தியாவின் பூனே நகரத்து மருத்துவ அறிஞர் யாஜ்னிக். மற்றவர் பிரித்தானிய அறிஞர் யூட்கின். இருவருடைய சுட்டியும் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் யூட்கினின் உடலிற் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 சதவீதம். தென்னாசிய மக்களின் உடலில், மெலிந்த தோற்றத்தின் உள்ளே, தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருத்தல் இயல்பு என்பதை அப்படம் உலகுக்கு உணர்த்திற்று. அக்கொழுப்பு வயிற்றறையில் உறுப்புக்களைச் சூழ்ந்து தங்கும்போது நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி கோலுகின்றது. இதனாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே ஆண்டில், ஆசிய மக்கள் 23 இலேயே விழிப்படைதல் வேண்டுமெனவும், 27.5 இலே ஆபத்து மிகுதியெனவும் கருத்துரைத்தது. தென்னாசிய ஆடவர்க்கு 90 சதமமீற்றரும் மகளிர்க்கு 80 சதமமீற்றரும் இடுப்புச் சுற்றளவின் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. எனவே மெலிந்தவன் நலமுடையான் என்னும் முடிபு, யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் பெரிதும் ஐயுறவேண்டிய முடிபாகும்.

பரம்பரை அலகுகளின் பங்கு

பிள்ளைகள் பெற்றோரைப் போலப் பருத்திருப்பது பரம்பரையாலா, பெற்றோர் ஊட்டிய உணவாலா என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. இரண்டையும் கொடுப்போர் அப்பெற்றோரே. இச்சிக்கலை அவிழ்க்கத் தத்துப்பிள்ளைகளின் வரலாறு துணைசெய்தது. அமெரிக்க மருத்துவ அறிஞர் அல்பேட் ஸ்டங்காட்டும் அவர்தம் குழுவினரும் டென்மார்க்கிலே தத்தெடுத்து வளர்க்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து 1986 இல் முடிபை வெளியிட்டனர். வளர்ந்தபின் அவர்களுடைய நிறை, பெற்ற தாய்தந்தையரின் நிறையோடு தெளிவாகத் தொடர்புற்றிருந்தது. வளர்த்த தாய்தந்தையரின் நிறையோடு தொடர்பு காணப்படவில்லை.

இதனினும் வியத்தகு சான்று இரட்டையரிடமிருந்து கிடைத்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்திலே குளோட் பூசார் என்னும் அறிஞர், இருபத்தோரு வயதளவினரான ஒருகரு இரட்டையர் பன்னிரண்டு சோடியினரைத் தேர்ந்து, வழக்கமான தேவைக்கு மேலாக நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரி உணவை, 100 நாட்களுள் 84 நாட்களுக்கு உண்பித்தார். 1990 இல் வெளியான இவ்வாய்வின்படி, அனைவரும் ஒரே அளவு மிகையுணவையே உண்டனர். எனினும் ஒருவருக்கு 4.3 கிலோகிராம் மாத்திரமே ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோகிராம் ஏறியது. சராசரி 8.1 கிலோகிராம். ஆயின் ஒரு சோடியைச் சேர்ந்த இருவர் ஏறத்தாழ ஒரே அளவாகவே பருத்தனர். மிகையாக உண்ட உணவை உடல் எவ்வாறு கையாளும் என்பது பெரிதும் பரம்பரையில் எழுதப்பட்டுள்ளது என்பது இதனாற் புலனாயிற்று.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கும் இங்கே விடையின் ஒரு பகுதி கிடைக்கின்றது. ஒருகரு இரட்டையர் பரம்பரை அலகுகள் அனைத்தையும் ஒருங்கே பெற்றவர். ஏனைய உடன்பிறந்தாரோ சராசரியாக அரைப் பங்கையே பொதுவாகப் பெற்றவர். ஆகவே ஒரே அடுப்பின் உணவு இரு வேறு உடல்களை இரு வேறு வகையாகச் சென்றடைகின்றது.

உடல் நிறையை ஆளும் பரம்பரை அலகு ஒன்றன்று, பல. மூளையிலே பசியையும் நிறைவையும் உணர்த்தும் வாங்கி ஒன்றை ஆக்கும் எம்.சி.4ஆர். என்னும் அலகு பழுதுற்றாற் சிறுவயது முதலே அடங்காப் பசியும் கடும் பருமனும் தோன்றும். இத்தகையோர் தொகையிற் சிறியர். பெரும்பாலாரிடத்தில், ஒவ்வொன்றும் சிறிதளவே செயற்படும் நூற்றுக்கணக்கான அலகு வேறுபாடுகள் ஒன்று கூடி நிறையைச் சாய்க்கின்றன. அவற்றுள் முதலில் அறியப்பட்டதும் வலிமை மிக்கதும் எவ்.ரி.ஓ. என்னும் அலகின் அருகேயுள்ள வேறுபாடாகும். 2007 இல் அறியப்பட்ட இவ்வேறுபாட்டைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர், ஒருவரிடமிருந்தும் பெறாதவரிலும் சராசரியாக ஏறத்தாழ 3 கிலோகிராம் மிகுந்த நிறையுடையவராயினர். வலிமை மிக்க வேறுபாடே 3 கிலோகிராம் அளவினதென்றால், எஞ்சியவற்றின் தனித்தனி வலிமை சிறிது என்பது சொல்லாமலே விளங்கும்.

கருவிலிருக்கும் காலத்துச் சூழலும் இங்குக் கருதத்தக்கது. 1944 ஆம் ஆண்டு இறுதியிலும் 1945 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும், யேர்மானியர் உணவு வழிகளை அடைத்தமையால், ஒல்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியிலே கொடிய பஞ்சம் நிலவிற்று. அக்காலத்திற் கருவிலிருந்தோர் 19 வயதடைந்து படைச்சேவைக்கு அழைக்கப்பட்டபோது எடுத்த அளவைகள் பிற்காலத்தில் ஆராயப்பட்டன. கருப்பகாலத்தின் முற்பாதியிலே தாய் பட்டினியுற்றிருந்தால், அம்மகனிடத்திற் பருமன் மிகுதியாகக் காணப்பட்டது. பஞ்சம் கருப்பகாலத்தின் இறுதியிலே நேர்ந்திருந்தால் பருமன் குறைவாகக் காணப்பட்டது. பிறப்பதற்கு முன்பே உடல் தன் எதிர்கால உணவு நிலையை ஊகித்துக்கொள்கின்றதோ என அறிஞர் எண்ணுதற்கு இஃது இடமளித்தது.

ஓமோன்களின் தூது

பரம்பரை அலகுகள் கட்டளை எழுதுவனவாயின், அக்கட்டளைகளை உடலெங்கும் கொண்டு செல்லும் தூதுவர் ஓமோன்களாவர். அமெரிக்காவின் மெயின் மாநிலத்து ஜக்சன் ஆய்வுகூடத்திலே 1949 இல், ஓயாது உண்டு பெரிதும் பருக்கும் சுண்டெலி இனம் ஒன்று தற்செயலாகத் தோன்றிற்று. பின்னர் வேறோர் அலகு பழுதுற்ற, அதனையொத்த பருமனோடு நீரிழிவும் உற்ற இனமொன்றும் அங்கே காணப்பட்டது. டக்ளஸ் கோல்மன் என்பார் இவ்வெலிகளை இவ்விரண்டாக இணைத்து, ஒன்றின் குருதி மற்றதனுட் செல்லுமாறு செய்து ஆராய்ந்தார். முதலாவது இனத்தெலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது பருத்த எலி உணவைக் குறைத்து மெலிந்தது. இரண்டாவது இனத்தெலியோடு இணைத்தபோதோ சாதாரண எலி உண்ணாது மடிந்தது. முதல் இனம் குருதியிற் செல்லும் ஏதோ ஒரு பொருளை ஆக்க இயலாதது. இரண்டாம் இனம் அப்பொருளை மிகுதியாக ஆக்கினும் அதன் குரலைக் கேட்க இயலாதது என அவர் துணிந்தார்.

அப்பொருள் யாதென அறியக் கால் நூற்றாண்டு சென்றது. 1994 இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்து ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அதனை ஆக்கும் அலகைக் கண்டனர். மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவ்வோமோன் லெப்ரின் எனப் பெயர் பெற்றது. கொழுப்பிழையமே லெப்ரினைச் சுரக்கின்றது. அதுவரை வெறுங் களஞ்சியமெனக் கருதப்பட்ட கொழுப்பு, தன் இருப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கும் ஒரு சுரப்பியுமாகும் என்பது தெளிவாயிற்று. மூளையின் பரிவகக்கீழ் என்னும் பகுதி அச்செய்தியை ஏற்றுப் பசியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது.

1997 இல் பிரித்தானியாவிலே, லெப்ரின் அறவே சுரவாத பிள்ளைகள் இருவர் இனங்காணப்பட்டனர். அவருள் ஒருவர் எட்டு வயதிலே 86 கிலோகிராம் நிறையுடையவர். லெப்ரின் ஊசி ஏற்றப்பட்டதும் அப்பிள்ளையின் அடங்காப் பசி அடங்கி, நிறையும் குறைந்தது. அதுவரை அப்பிள்ளையின் பெருந்தீனி ஒழுக்கக் குறைவெனப் பார்ப்போர்க்குத் தோன்றியிருக்கும்; உண்மையில் அஃது ஓர் ஓமோன் இன்மையே. ஆயினும் இம்மருந்து எல்லார்க்கும் உதவவில்லை. பருத்தவருட் பெரும்பாலார்க்கு லெப்ரின் குறைவன்று, மிகையே உண்டு. மூளை அதற்குச் செவிசாய்ப்பது குறைந்துவிடுகின்றது.

லெப்ரின் நெடுங்கால இருப்பைக் கூறும்; ஏனையவை வேளைக்கு வேளை பேசும். 1999 இல் யப்பானிய அறிஞர் கொஜிமாவும் கங்காவாவும் கண்ட கிரெலின் இரைப்பையிற் சுரந்து பசியைத் தூண்டுவது. சதையியிற் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள வெல்லத்தைக் கலங்களுட் செலுத்துவதோடு கொழுப்பைச் சேமிக்கவும் ஏவுவது. குடலிற் சுரக்கும் ஜி.எல்.பி.-1 நிறைவை உணர்த்துவது. இக்கடைசி ஓமோனை ஒத்துச் செயற்படும் செமாகுளூட்டைட்டு என்னும் மருந்து, 2021 இல் வெளியான ஆய்வொன்றிலே 68 கிழமைகளில் நிறையைச் சராசரியாக ஏறத்தாழ 15 சதவீதம் குறைத்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்ததில் மூன்றில் இரு பங்கு மீண்டும் ஏறிற்று. உடல் தன் பழைய நிறையை எவ்வளவு பிடிவாதமாகக் காக்கின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இளையோரிடத்து ஓமோன் நோய்களும் நிறையை மாற்றுவதுண்டு. தைரொயிட்டுச் சுரப்பி குறைவாகச் சுரந்தால் உடல் மந்தமுற்று நிறை ஏறும். ஆயின் அவ்வேற்றம் சில கிலோகிராம் அளவினதே, அதிலும் பெரும்பகுதி நீரும் உப்புமேயாகும். இளம் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்குக் காணப்படும் பல்சிறைப்பைச் சூலக நோய், இன்சுலினின் செயலைத் தடுத்து, மாதவிடாய் ஒழுங்கையும் குலைக்கின்றது. நிறை மிகுதல் அந்நோயை மிகுவிக்கும். அந்நோய் நிறையை மிகுவிக்கும். இத்தகைய அறிகுறிகள் உள்ள பெண்ணை உண்ணாதிருக்கும்படி ஏவுவதிலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பெற்றோர் கடன்.

பட்டினியால் உடலை வெல்ல முயல்வோர் அறியவேண்டிய வரலாறு ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 - 45 ஆம் ஆண்டுகளிலே, அன்சல் கீஸ் என்னும் அறிஞர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞரை அவர்தம் இசைவோடு 24 கிழமைகள் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். அதனோடு நாடித்துடிப்புத் தளர்ந்தது, உடல் எப்போதும் குளிர்ந்தது, மனம் சோர்ந்தது. உணவின் நினைவன்றி வேறு நினைவின்றிச் சமையல் நூல்களைத் தேடிப் படித்தோரும் உளர். மீண்டும் உணவு கிடைத்தபோது சிலர் நிறைவே உணராது உண்டனர். பட்டினி கிடப்பவன் உடல் செலவைச் சுருக்கிப் பசியைப் பெருக்குகின்றது. பஞ்ச காலங்களில் மனித இனத்தைக் காத்த இவ்வியல்பே, இன்று விரைந்து மெலிய முயல்வோர்க்குத் தடையாய் நிற்கின்றது.

வாழ்க்கை முறையின் பங்கு

பரம்பரை அத்துணை வலியதாயின், உலகெங்கும் நிறை ஏறி வருவது ஏன்? உலக சுகாதார நிறுவனக் கணிப்பின்படி, 1990 ஆம் ஆண்டுக்கும் 2022 ஆம் ஆண்டுக்கும் இடையில், உடற்பருமனுற்ற வளர்ந்தோரின் விகிதம் இரு மடங்குக்கு மேலாயிற்று. ஒரு தலைமுறைக்குள் மனிதரின் பரம்பரை அலகுகள் மாறிவிடவில்லை, மாறியது சூழலே. வித்து ஒன்றேயாயினும் நீர் தேங்கும் வயலில் ஒரு விதமாகவும் மேட்டு நிலத்தில் வேறு விதமாகவும் பயிர் வளர்வது போன்றதே இதுவும்.

இளமைப் பருவத்தில் இச்சூழல் மாற்றம் சடுதியாக நிகழ்கின்றது. பாடசாலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ தொழிலுக்கோ செல்பவன், தாய் சமைத்த உணவை விட்டுக் கடையுணவை நாடுகின்றான். மாலை விளையாட்டு நின்றுபோகின்றது. துவிச்சக்கரவண்டி இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்துவிடுகின்றது. இருபது வயது கடந்ததும் உடலின் எரிசத்திச் செலவு தானே குறைந்துவிடுகின்றது எனப் பலர் நம்புகின்றனர். ஹேர்மன் பொன்ட்சர் முதலியோர் 6,400 பேருக்கு மேற்பட்டோரின் அளவைகளைத் திரட்டி 2021 இல் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையை மறுத்தது. உடலின் பருமனுக்கும் அமைப்புக்கும் ஏற்பக் கணிக்குமிடத்து, 20 முதல் 60 வயது வரை அச்செலவு மாறாது நிற்கின்றது. ஆகவே இருபதுகளில் ஏறும் நிறைக்கு வயதின்மேற் பழி சுமத்தல் பொருந்தாது.

உணவின் அளவு மாத்திரமன்றி அதன் வகையும் கருதத்தக்கது. அமெரிக்காவில் கெவின் ஹோல் என்பார் 20 பேரை ஆய்வு நிலையத்திலேயே தங்கவைத்து, இரு கிழமைகள் ஆலைகளிற் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவையும், இரு கிழமைகள் பதப்படுத்தாத உணவையும் விரும்பியவளவு உண்ணச் செய்தார். பரிமாறப்பட்ட சீனி, கொழுப்பு, நார், உப்பு ஆகியவற்றின் அளவுகள் இரண்டிலும் ஒப்பவே இருந்தன. எனினும் பதப்படுத்திய உணவுக் காலத்தில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி மிகுதியாக உண்டு 0.9 கிலோகிராம் ஏறினர். மற்றைய காலத்தில் அதே அளவு இறங்கினர். 2019 இல் வெளியான இம்முடிபு, ஒடியற் கூழும் குரக்கன் பிட்டும் கீரைக் கறியும் விட்டுப் பணிசுக்கும் பொதியில் அடைத்த தின்பண்டங்களுக்கும் மாறும் இளைஞர் சிந்திக்கத்தக்கது.

பானங்களும் அத்தகையனவே. இரண்டு தேக்கரண்டி சீனியிட்ட தேநீரில் 30 முதல் 40 கிலோகலோரி வரை சீனியாலேயே சேரும். நாளுக்கு மூன்று கோப்பை பருகுபவர் அதனால் மாத்திரம் 100 கிலோகலோரியளவு பெறுகின்றார். குளிர்பானப் போத்தல்களில் இது பன்மடங்காகும். இலங்கையில் 2016 முதல் அப்போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறிகளாற் காட்டும் முறை ஏற்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனியுள்ளது சிவப்பு. அக்குறியை நோக்கி வாங்குதல் எழுத்தறிந்த எவர்க்கும் எளிது.

பரீட்சைக் காலத்து மாணவர் பெரிதும் புறக்கணிப்பது உறக்கத்தை. நலமுள்ள 12 இளைஞரை இரு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கவிட்டு ஆராய்ந்து 2004 இல் வெளியிட்ட முடிபின்படி, பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிடுகையில், லெப்ரின் 18 சதவீதம் குறைந்தது. கிரெலின் 28 சதவீதம் கூடிற்று. இனிப்புக்கும் மாப்பொருளுக்கும் வேட்கை மிகுந்தது. விளக்கெரித்துக் கண்விழிப்பவன் நள்ளிரவிலே பிஸ்கற் பொதியை நாடுவது மனவலிமைக் குறைவால் மாத்திரமன்று என்பது இதனால் விளங்கும். வாழ்க்கை முறை ஓமோன்களின் வாயிலாகவே உடலை அடைகின்றது என்பதற்கும் இது தக்க உதாரணம்.

பரம்பரையையும் வாழ்க்கை முறை தணிக்க வல்லது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி 2011 இல் வெளியான ஆய்வு, உடலுழைப்பு உடையோரிடத்து எவ்.ரி.ஓ. வேறுபாட்டால் விளையும் பருமன் ஆபத்து ஏறத்தாழ 27 சதவீதம் குறைந்திருந்ததெனக் காட்டிற்று. அலகு மாறவில்லை, அதன் வலிமை குன்றியது. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை விரைந்த நடை போன்ற பயிற்சி வளர்ந்தோர்க்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு அரைமணி நேரம் துவிச்சக்கரவண்டி மிதிப்பவன் அதனை நிறைவேற்றிவிடுகின்றான்.

முடிவு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. முதலாவது, உடல் நிறை ஒருவரின் ஒழுக்கத்துக்கு அளவுகோலன்று. ஒரே உணவை உண்டும் ஒருவர் மற்றவரிலும் மும்மடங்கு பருத்தலை ஆய்வே காட்டியிருக்க, பருத்தவனை இகழ்வது அறியாமையாகும். இரண்டாவது, மெலிவு நலத்துக்கு உறுதிச் சீட்டன்று. தென்னாசியர்க்கு அது பலகால் ஏமாற்றும் தோற்றமாகவும் அமையும். மூன்றாவது, பரம்பரை முடிந்த முடிபன்று. பெற்ற பரம்பரையை எவரும் மாற்றிக்கொள்ளவியலாது. ஆயின் உண்ணும் உணவு, உறங்கும் நேரம், உடலின் உழைப்பு என்பன பெரும்பாலும் ஒருவரின் ஆட்சிக்கு உட்பட்டவை. இவற்றால் ஒருவன் தன் தோழனைப் போன்ற உருவத்தைப் பெறாமற்போகலாம். தனக்குரிய உடலிலே நோயற்று வாழும் வாய்ப்பைப் பெறுவான்.

இருபது வயதிற் பழகிய பழக்கம் அறுபது வயது வரை தொடர்ந்து வருவது. எனவே கல்லூரிகள் விளையாட்டு மைதானத்தைச் சிறந்த வீரர்க்கு மாத்திரம் உரியதாக்காது, ஓடத் தெரியாத மாணவனுக்கும் திறந்து வைத்தல் வேண்டும். நகைப்புக்கு அஞ்சி மைதானத்தை விட்டு ஒதுங்கியவனை அன்போடு அழைத்து வரும் ஆசிரியர், அவனுக்குச் செய்யும் உதவி ஒரு பாடத்தைக் கற்பித்தலிலும் சிறியதன்று.